எழுதாமல் விட்ட எண்கள்: சிமுலேஷனுக்கு நாமே டிரான்சிஸ்டர் மாடல் எழுதும்போது

நம் ஊர் பொறியியல் கல்லூரிகளின் எலக்ட்ரானிக்ஸ் லேபில் வேலை செய்தவர்களுக்கு எஸ்எல்100 டிரான்சிஸ்டரை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. வட்டமான உலோக மூடி, விளிம்பில் சின்னதாக ஒரு நாக்கு, அந்த நாக்கை ஒட்டி இருக்கும் கால் எமிட்டர், மூடியே கலெக்டர். லேபில் செய்த பெருக்கிச் சுற்றை வீட்டுக்கு வந்து எல்டிஸ்பைஸ் என்ற சிமுலேஷன் மென்பொருளில் வரைந்து பார்க்கலாம் என்று உட்கார்ந்தால், மென்பொருளோடு வரும் பட்டியலில் எஸ்எல்100 இருக்காது. பலரும் பட்டியலில் இருக்கும் 2என்2222 என்ற வேறொரு டிரான்சிஸ்டரை எடுத்து வைத்துவிட்டு மேலே போய்விடுவார்கள். திரையில் வரும் அலைவடிவம் ஒழுங்காகத்தான் இருக்கும். ஆனால் அது நம் மேசையில் இருக்கும் டிரான்சிஸ்டரின் அலைவடிவம் அல்ல.

இன்னும் சிலர் துணிந்து, டிரான்சிஸ்டரின் நடத்தையை எண்களில் சொல்லும் மாடல் ஒன்றைச் சொந்தமாக எழுதுவார்கள். ஸ்பைஸ் குடும்ப மென்பொருள்கள் எல்லாவற்றிலும் இது ஒரே ஒரு வரி: புள்ளி வைத்து மாடல் என்ற சொல், ஒரு பெயர், என்பிஎன் அல்லது பிஎன்பி என்ற வகை, அடைப்புக்குறிக்குள் எண்கள். எண் எதுவும் தராமல் பெயரையும் வகையையும் மட்டும் எழுதினாலும் மென்பொருள் தடுக்காது. பீட்டா (கலெக்டர் மின்னோட்டம் பேஸ் மின்னோட்டத்தைப் போல எத்தனை மடங்கு என்பது) 100 என்றும், தெவிட்டு மின்னோட்டம் 10⁻¹⁶ ஆம்பியர் என்றும் அதுவே எடுத்துக்கொள்ளும். மற்றவை? பேஸ், எமிட்டர், கலெக்டர் தடைகள் மூன்றும் பூஜ்யம். பேஸோடு எமிட்டரும் கலெக்டரும் சேரும் சந்திகளின் மின்தேக்குத்திறன் பூஜ்யம். எலக்ட்ரான் பேஸைக் கடக்க ஆகும் நேரம் பூஜ்யம். ஏர்லி மின்னழுத்தம் முடிவிலி.

இந்தக் கட்டுரையில் நான் அழுத்திச் சொல்ல நினைப்பது இந்த இடத்தைத்தான். நாம் எழுதாமல் விட்ட எண்ணை மென்பொருள் ‘தெரியாத எண்’ என்று எடுத்துக்கொள்வதில்லை. ‘அந்தக் குறை இந்த டிரான்சிஸ்டருக்கு இல்லவே இல்லை’ என்று எடுத்துக்கொள்கிறது. எண்களற்ற அந்த வரி அளவற்ற வேகமும் இழப்பே இல்லாத உடலும் கொண்ட ஒரு டிரான்சிஸ்டரை உண்டாக்குகிறது. எச்சரிக்கை எதுவும் வராது.

ஏன் இப்படி என்பதற்கு ஸ்பைஸ் பிறந்த இடத்தைப் பார்க்க வேண்டும். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் டொனால்ட் பெடர்சனின் வழிகாட்டலில் லாரன்ஸ் நேகல் எழுதிய நிரல் அது. 1973இல் கனடாவின் வாட்டர்லூவில் நடந்த ஒரு கருத்தரங்கில் வெளியுலகுக்கு அறிமுகமானது. ஸ்பைஸ் என்ற சுருக்கப்பெயரிலேயே ‘ஒருங்கிணைந்த சுற்று’ அடங்கியிருக்கிறது. சிப் வடிவமைப்பவருக்காகச் செய்த கருவி. அவருக்கு டிரான்சிஸ்டரை உருவாக்கும் தொழிற்சாலையோடு தொடர்பு உண்டு. எந்த எண் வேண்டுமானாலும் அங்கிருந்து அளந்து வரும். கடையில் ஒன்றிரண்டு ரூபாய்க்கு டிரான்சிஸ்டர் வாங்கி, கையில் தயாரிப்பாளர் தரும் அளவுக் குறிப்பான டேட்டாஷீட்டை மட்டும் வைத்திருக்கும் நம்மை மனதில் வைத்து அந்த வரி வகுக்கப்படவில்லை.

உள்ளே ஓடும் கணக்கும் அந்தக் காலத்ததுதான். பெல் ஆய்வகத்தில் 1954இல் ஈபர்ஸும் மோலும் டிரான்சிஸ்டரை, ஒன்றையொன்று பாதிக்கும் இரண்டு டயோடுகளாக எழுதினார்கள். அதே ஆய்வகத்தில் 1970இல் கும்மலும் பூனும் பேஸில் தேங்கும் மின்னூட்டத்தைக் கணக்கின் மையத்துக்குக் கொண்டுவந்தார்கள். மின்னோட்டம் ஏறும்போது பீட்டா சரிவதும், கலெக்டர் மின்னழுத்தம் ஏறும்போது மின்னோட்டம் மெல்ல உயர்வதும் ஒரே கணிதக் கோவைக்குள் வந்தன. இன்று எல்டிஸ்பைஸிலும் என்ஜிஸ்பைஸிலும் நாம் எழுதும் பைப்போலார் (என்பிஎன், பிஎன்பி வகை) மாடல் வரி கும்மல்-பூனின் வழிவந்தது. மொத்தம் சுமார் 40 எண்கள். அத்தனையும் தேவையில்லை. பத்துப் பன்னிரண்டு எண்களைக் கவனமாகக் கண்டுபிடித்தால், பெரும்பாலான சுற்றுகளுக்குப் போதும்.

முதல் எண் தெவிட்டு மின்னோட்டம். மாடல் வரியில் ஐஎஸ். பேஸ்-எமிட்டர் மின்னழுத்தத்துக்கும் கலெக்டர் மின்னோட்டத்துக்கும் உள்ள உறவு முழுவதும் இதில் இருக்கிறது. எல்லோருக்கும் கிடைக்கும் பிசி547ஐ எடுத்துக்கொள்வோம். அதன் டேட்டாஷீட்டில் கலெக்டர் மின்னோட்டம் 2 மில்லிஆம்பியராக இருக்கும்போது பேஸ்-எமிட்டர் மின்னழுத்தம் வழக்கமாக 660 மில்லிவோல்ட் என்று இருக்கும். 25 டிகிரியில் வெப்ப மின்னழுத்தம் 25.7 மில்லிவோல்ட். 660ஐ 25.7ஆல் வகுத்தால் 25.68, இயற்கை மடக்கையின் அடியை அந்த அடுக்குக்கு உயர்த்தி, 2 மில்லிஆம்பியரை அதால் வகுத்தால் 1.4 × 10⁻¹⁴ ஆம்பியர். முடிந்தது. எதுவும் எழுதாவிட்டால் மென்பொருள் வைத்துக்கொள்ளும் எண்ணைவிட இது 140 மடங்கு பெரிது. மின்னழுத்தக் கணக்கில் சொன்னால், வெற்று மாடல் 2 மில்லிஆம்பியருக்கு 660க்குப் பதில் 787 மில்லிவோல்ட் கேட்கும்.

அதே டேட்டாஷீட் வரியில் குறைந்தபட்சம் 580, அதிகபட்சம் 700 என்றும் இருக்கிறது. மின்னோட்டம் பத்து மடங்காக 60 மில்லிவோல்ட் போதும். ஆக இந்த 120 மில்லிவோல்ட் இடைவெளி, ஐஎஸ் என்ற எண்ணில் நூறு மடங்கு இடைவெளி! ஒரே பையில் வாங்கும் டிரான்சிஸ்டர்கள் இவ்வளவு வேறுபடாது. இது தயாரிப்பாளர் தனக்கு வைத்துக்கொண்ட பாதுகாப்பு எல்லை. ஆனாலும் ஐஎஸ்ஸுக்கு நான்கு இலக்கத் துல்லியம் தேடி நேரம் செலவழிப்பதில் பயன் இல்லை என்பது இதிலிருந்து தெளிவாகிறது.

டேட்டாஷீட் கையில் இல்லாதபோது எஸ்எல்100 போன்றவற்றை அளந்துதான் ஆக வேண்டும். பேஸையும் கலெக்டரையும் ஒன்றாக இணைத்துவிட்டு, 10 மைக்ரோ, 100 மைக்ரோ, 1 மில்லி, 10 மில்லிஆம்பியர் என்று நான்கு மின்னோட்டங்களை அனுப்பி, ஒவ்வொன்றிலும் மின்னழுத்தத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். பிரெட்போர்டும், நான்கு ரெசிஸ்டர்களும், மில்லிவோல்ட் காட்டும் மல்டிமீட்டரும் போதும். எடுத்துக்காட்டுக்கு 524, 583, 642, 709 என்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் இரண்டு தாவல்களும் 59. சிலிக்கான் சந்தி 25 டிகிரியில் நடக்க வேண்டிய விதமே இது. மூன்றாவது தாவல் 67. அதாவது 8 மில்லிவோல்ட் கூடுதல். இந்த எட்டு எங்கிருந்து வந்தது? 10 மில்லிஆம்பியர் ஓடும் பாதையில் எங்கோ சுமார் 0.8 ஓம் தடை இருக்கிறது. எமிட்டர் தடையும், பீட்டாவால் வகுக்கப்பட்ட பேஸ் தடையும் சேர்ந்த தொகை அது. வெற்று மாடல் பூஜ்யம் என்று நினைத்துக்கொண்டிருந்த இரண்டு எண்களின் தடயம், ஒரு சாதாரண மீட்டரின் மூன்றாவது இலக்கத்தில் கிடைத்துவிட்டது. 10 மில்லிஆம்பியர் அளவை மட்டும் இணைப்புக் கொடுத்த கையோடு எடுத்துவிட வேண்டும். டிரான்சிஸ்டர் சூடேறினால் மின்னழுத்தம் இறங்கத் தொடங்கிவிடும்.

அறை வெப்பத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும். ஸ்பைஸ் தன் எண்கள் எல்லாம் 27 டிகிரியில் அளந்தவை என்று நம்பிக்கொண்டிருக்கும். சித்திரை மாதச் சென்னையில் மின்விசிறி மட்டும் ஓடும் அறை 32 டிகிரியைத் தாண்டி இருக்கும். டிகிரிக்கு 2 மில்லிவோல்ட் வீதம் 10 மில்லிவோல்ட் வேறுபாடு. ஐஎஸ் ஒன்றரை மடங்கு தவறாகிவிடும். அளந்த வெப்பநிலையை டிநாம் என்ற எண்ணாக மாடலிலேயே எழுத வழி இருக்கிறது. அதை எழுதிவிடுவது நல்லது.

அடுத்தது ஏர்லி மின்னழுத்தம், விஏஎஃப். 1952இல் ஜேம்ஸ் ஏர்லி விளக்கிய விளைவு இது. கலெக்டர் மின்னழுத்தம் ஏறினால் பேஸின் பயனுள்ள அகலம் சுருங்குகிறது. அதனால் மின்னோட்டம் கொஞ்சம் கூடுகிறது. இதை எழுதாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கணக்கு. மின்னோட்ட மூலத்தைச் சுமையாகக் கொண்ட பெருக்கியில் ஒரு டிரான்சிஸ்டர் தரக்கூடிய உச்சப் பெருக்கம், விஏஎஃப்பை வெப்ப மின்னழுத்தத்தால் வகுத்தால் வருவது. விஏஎஃப் 100 வோல்ட் என்றால் சுமார் 3,900. எழுதாவிட்டால் முடிவிலி. திரையில் லட்சக்கணக்கில் பெருக்கம் காட்டும் சுற்றுகளைப் பார்த்து மகிழ்ந்துபோன மாணவர்கள் உண்டு. மாடல் வரியில் மூன்றெழுத்து விடுபட்டதுதான் காரணம்.

அளப்பது எளிது என்றுதான் தோன்றும். பேஸ் மின்னோட்டத்தை மாறாமல் வைத்துக்கொண்டு, கலெக்டரில் 1 வோல்ட் வைத்தால் 2.00 மில்லிஆம்பியர், 11 வோல்ட் வைத்தால் 2.20 மில்லிஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். வோல்ட்டுக்கு 0.02 ஏற்றம். கோட்டைப் பின்னோக்கி நீட்டினால் −99 வோல்ட்டில் பூஜ்யத்தைத் தொடும். விஏஎஃப் 99 என்று எழுதத் தோன்றும்.

எழுதுவதற்கு முன் டிரான்சிஸ்டரைத் தொட்டுப் பார்க்க வேண்டும். 11 வோல்ட்டும் 2.2 மில்லிஆம்பியரும் சேர்ந்தால் 24 மில்லிவாட். பிசி547இன் பிளாஸ்டிக் உடல் ஒரு வாட்டுக்கு 250 டிகிரி சூடேறும். ஆக உள்ளே 6 டிகிரி ஏறியிருக்கிறது. விரலுக்கு அது சரியாகத் தெரியாது, பீட்டாவுக்குத் தெரியும். டிகிரிக்கு அரை சதவீதம் வீதம் பீட்டா உயர்ந்தால், நாம் பார்த்த 10 சதவீத ஏற்றத்தில் சுமார் 3 சதவீதம் வெப்பத்தின் வேலை. ஏர்லி விளைவின் பங்கு 7 சதவீதம்தான். அப்படிப் பார்த்தால் விஏஎஃப் 99 அல்ல, 140ஐ ஒட்டியது. சிமுலேஷனில் இருக்கும் கும்மல்-பூன் டிரான்சிஸ்டர் தன் சூட்டில் தானே வேகாது; சுற்று முழுவதற்கும் ஒரே வெப்பநிலைதான் என்று அது வைத்துக்கொள்கிறது. நாம் அளவில் வெப்பத்தைச் சேர்த்து வாங்கிக்கொண்டு ஏர்லி கணக்கில் எழுதினால், ஒலி அதிர்வெண்ணில் சுற்று நடப்பதைத் தவறாகக் காட்டும். சிறு துடிப்பாக மின்னழுத்தத்தைக் கொடுத்து உடனே அளப்பதே சரியான வழி. அதற்கு வசதி இல்லாதவர்கள் குறைந்த மின்னோட்டத்தில், அரை மில்லிஆம்பியர் அளவில், அளக்கலாம்.

பீட்டாவில் ஒரு குழப்பம் அடிக்கடி வருகிறது. டேட்டாஷீட்டில் அளந்த பீட்டாவாகத் தரும் எச்எஃப்இ எண்ணை அப்படியே பிஎஃப் என்று எழுதிவிடுகிறார்கள். பிஎஃப் என்பது எந்தக் குறையும் சேராத இலட்சிய பீட்டா. அதிலிருந்து குறைந்த மின்னோட்டப் பக்கம் ஐஎஸ்இ, என்இ என்ற இரண்டு எண்களும், அதிக மின்னோட்டப் பக்கம் ஐகேஎஃப்பும் கழிக்கும். டேட்டாஷீட்டில் மின்னோட்டத்துக்கு எதிரே எச்எஃப்இ வரைந்த மேடு போன்ற படம் இருக்கும். மேட்டின் உச்சிக்குச் சற்று மேலே பிஎஃப். வலது சரிவில் உச்சியின் பாதிக்கு இறங்கும் இடத்து மின்னோட்டம்தான் ஐகேஎஃப்; கும்மல்-பூன் கோவையிலிருந்தே நேராக வரும் விதி இது. இடது சரிவுக்கு ஏற்றபடி ஐஎஸ்இயை மாற்றி மாற்றிப் பொருத்த வேண்டும். பிசி547பி வகைக்கு எச்எஃப்இ 200 முதல் 450 வரை இருக்கலாம் என்று டேட்டாஷீட்டே சொல்கிறது. ஆகவே ஒரு பிஎஃப் மட்டும் வைத்து ஓட்டிப் பார்த்து முடித்துக்கொள்ளக் கூடாது. இரண்டு எல்லைகளிலும் ஓட்டிப் பார்க்க வேண்டும். சுற்று இரண்டிலும் ஒழுங்காக நடந்தால்தான் அந்த வடிவமைப்பு தேறும்.

மின்தேக்குத்திறனில் தவறு செய்யாதவர்கள் குறைவு. டேட்டாஷீட் 10 வோல்ட் பின்னோக்கு அழுத்தத்தில் கலெக்டர்-பேஸ் மின்தேக்குத்திறன் 2 பிகோஃபாரட் என்கிறது என்று வைத்துக்கொள்வோம். மாடல் கேட்கும் சிஜேசி, பூஜ்ய வோல்ட்டில் உள்ள மதிப்பு. சந்தியின் உள் அழுத்தம் 0.75, அடுக்கு 0.33 என்ற வழக்கமான எண்களை வைத்தால், 10 வோல்ட் மதிப்பை 2.4ஆல் பெருக்க வேண்டும். சிஜேசி 4.8 பிகோஃபாரட். 2 என்று எழுதினால், 10 வோல்ட்டில் மென்பொருள் அதை இன்னும் சுருக்கி 0.8 ஆக்கிவிடும்.

இவ்வளவு சின்ன எண்ணுக்கு இத்தனை கவலையா என்று கேட்கலாம். பெருக்கம் 100 கொண்ட ஒரு பொது எமிட்டர் நிலையில், கலெக்டர் 5 வோல்ட் அளவில் நிற்கும்போது அந்த மின்தேக்குத்திறன் சுமார் 2.5 பிகோஃபாரட். மில்லர் விளைவால் அது உள்ளீட்டுப் பக்கம் 250 பிகோஃபாரட்டாகத் தெரியும். பேஸ் முனையில் மொத்தத் தடை 5 கிலோஓம் என்றால், சுற்று 125 கிலோஹெர்ட்ஸ் அருகே மூச்சு வாங்கத் தொடங்கிவிடும். எண்களற்ற வெற்று மாடலில் அதே சுற்று ஜிகாஹெர்ட்ஸிலும் சளைக்காமல் ஓடும். கடப்பு நேரமான டிஎஃப்பும் இதே போலத்தான். டேட்டாஷீட்டின் எஃப்டி (மின்னோட்டப் பெருக்கம் ஒன்றாகக் குறையும் அதிர்வெண்) 300 மெகாஹெர்ட்ஸ் என்றால், அதை 2π ஆல் பெருக்கித் தலைகீழாக்கினால் 530 பிகோசெகண்ட். அதில் சந்தி மின்தேக்குத்திறன்களின் பங்கைக் கழித்தால் டிஎஃப். 10 மில்லிஆம்பியரில் அந்தப் பங்கு சில பத்து பிகோசெகண்ட்தான். 1 மில்லிஆம்பியரில் பத்து மடங்காகிவிடும். எனவே எஃப்டி உச்சத்தில் இருக்கும் மின்னோட்டத்தில் கணக்கிடுவது நல்லது.

எண்களை எழுதும் முறையிலும் ஒரு கண்ணி இருக்கிறது. ஸ்பைஸில் எம் என்ற எழுத்து, பெரியதானாலும் சிறியதானாலும், மில்லிதான். மெகாவுக்கு மெக் என்று மூன்றெழுத்து எழுத வேண்டும். எஃப் என்று எழுதினால் ஃபாரட் அல்ல, ஃபெம்டோ. எண்ணுக்குப் பின் அடுக்கெழுத்து, அதற்குப் பின் அலகு எழுதினால் அலகைப் பொருட்படுத்தாது.

பழைய வானொலிகளில் இருந்த ஏசி128 போன்ற, சிலிக்கானுக்குப் பதில் ஜெர்மானியம் என்ற தனிமத்தால் ஆன டிரான்சிஸ்டருக்கு மாடல் எழுதுபவர்கள், ஐஎஸ்ஸை மைக்ரோஆம்பியர் பக்கம் உயர்த்திவிட்டு அத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். இஜி என்ற எண்ணை எழுதாவிட்டால் மென்பொருள் 1.11 எலக்ட்ரான்வோல்ட் என்று வைத்துக்கொள்ளும். அது சிலிக்கானின் ஆற்றல் இடைவெளி, ஜெர்மானியத்துக்கு 0.67. வெப்பநிலையை மாற்றிப் பார்க்காத வரை தவறு தெரியாது. மாற்றிப் பார்த்த உடனே, கசிவு மின்னோட்டம் ஜெர்மானியத்துக்கு இல்லாத வேகத்தில் ஏறும்.

சில குறைகளுக்கு மூல கும்மல்-பூனில் எண்ணே கிடையாது. முறிவு அவற்றில் ஒன்று. 45 வோல்ட் தாங்கும் பிசி547இன் மேல் 200 வோல்ட் வைத்தாலும் அந்தக் கோவை அசையாது. எல்டிஸ்பைஸ் பட்டியலில் தெரியும் 40 வோல்ட், 200 மில்லிஆம்பியர் போன்ற குறிப்புகள் நாம் பார்த்துத் தேர்வு செய்வதற்கான அடையாளம் மட்டுமே. அவை கணக்கில் புகுவதில்லை. ஆற்றல் டிரான்சிஸ்டர்கள் முழுத் தெவிட்டலுக்கு முன் மந்தமாகும் அரைத் தெவிட்டு நிலையும் ஆரம்பக் கோவையில் இல்லை. பிற்காலத்தில் கூடுதல் எண்களாகச் சேர்த்தார்கள். ஆடியோ பெருக்கியின் வெளியீட்டு நிலையை வடிவமைப்பவர்கள் அந்த எண்கள் தம் மாடலில் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டே தொடங்க வேண்டும்.

டிரான்சிஸ்டரின் இன்னொரு வகையான மாஸ்ஃபெட்டிலும் இதே கதைதான். முதல் நிலை மாடல் 1968இல் ஷிக்மனும் ஹாட்ஜஸும் எழுதியது. தொடக்க மின்னழுத்தத்துக்குக் கீழே மின்னோட்டமே இல்லை என்பது அதன் நிலை. ஐஆர்எஃப்540என் என்ற மாஸ்ஃபெட்டின் டேட்டாஷீட்டில் தொடக்க மின்னழுத்தம் 2 முதல் 4 வோல்ட் என்று இருப்பது 250 மைக்ரோஆம்பியரில் அளந்தது. அதை மாடலின் விடிஓவாக எழுதக் கூடாது. பல ஆம்பியர் ஓடும் பகுதியில் கேட் மின்னழுத்தத்துக்கு எதிரே மின்னோட்டத்தின் வர்க்கமூலத்தை வரைந்து, கோட்டைக் கீழே நீட்டி, அச்சைத் தொடும் இடத்தை எடுக்க வேண்டும். செங்குத்து ஆற்றல் மாஸ்ஃபெட்டில் கேட்-டிரெயின் மின்தேக்குத்திறன் மின்னழுத்தத்தோடு பல மடங்கு மாறுவதால், அதற்கென்றே இருக்கும் விடிமாஸ் மாடலை எல்டிஸ்பைஸிலும் என்ஜிஸ்பைஸிலும் பயன்படுத்துவதே முறை.

எண்களை எழுதி முடித்ததும் நேராகச் சுற்றுக்குள் வைத்துவிடக் கூடாது. முதலில் டேட்டாஷீட்டின் படங்களை அதே அச்சு அளவுகளில் சிமுலேஷனிலேயே திரும்ப வரைய வேண்டும்: மின்னோட்டத்துக்கு எதிரே பீட்டா, பேஸ் மின்னழுத்தத்துக்கு எதிரே மின்னோட்டம், கலெக்டர் வளைவுகள். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், எந்த எண் விடுபட்டது என்பது எந்த வளைவு விலகுகிறது என்பதிலேயே தெரிந்துவிடும். ஐஐடி பம்பாயின் ஃபாஸ்ஸி திட்டம் இலவசமாகத் தரும் இசிம் மென்பொருளில் மாடல் எண்களைத் திருத்துவதற்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. உள்ளே ஓடுவது என்ஜிஸ்பைஸ்தான். பணம் செலவழிக்காமல் இந்த வேலை முழுவதையும் ஒரு கல்லூரி மாணவர் செய்து முடிக்கலாம்.

மாடல் வரிக்கு மேலே, உடுக்குறியில் தொடங்கும் சில குறிப்பு வரிகளையும் சேர்க்க வேண்டும். ஸ்பைஸ் அவற்றைப் படிக்காது. ஆறு மாதம் கழித்து இந்தக் கோப்பைத் திறப்பவர் படிப்பார். எஸ்எல்100க்கு நான் எழுதினால் இப்படி எழுதுவேன்: ‘மூன்று டிரான்சிஸ்டர்களின் சராசரி. 29 டிகிரி அறையில், 10 மைக்ரோ முதல் 10 மில்லிஆம்பியர் வரை, 12 வோல்ட்டுக்குள் அளந்தது. டிஎஃப் அளக்கவில்லை, 1 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் நம்ப வேண்டாம். முறிவு சேர்க்கப்படவில்லை.’